விண்வழியில் மறைந்த இசைவாணர்



வானொலி என்னும் சொல்லை நம் பெரியோர் மிகப் பொருத்தமாகவே அமைத்திருக்கிறார்கள். வானும் ஒலியும் கூடிய சொல் அது. எங்கோ ஒரு கூடத்தில் ஒருவர் பாடுகிறார். அந்த நாதம் வான்வழியே வந்து நம் வீட்டுத் திண்ணையில் ஒலிக்கிறது. அதே வான்வழியில் இசைவாணர்கள் தாமே பயணம் செய்யத் தொடங்கிய காலம் ஒன்று வந்தது. அப்பயணங்களுள் சில ஊர் சேராமலே முடிந்துபோயின. அவற்றின் வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

ஐரோப்பாவிலிருந்து ஓர் இசைக் கலைஞர் அமெரிக்கா செல்ல வேண்டுமானால், முற்காலத்தில் கப்பலில் ஐந்தாறு நாள் செல்லவேண்டும். ஆஸ்திரேலியாவுக்கோ வாரக் கணக்காகும். ஆகவே அக்கலைஞர்கள் ஓராண்டில் காணக்கூடிய ஊர்கள் சிலவே. விமானம் வந்த பிறகு இந்த நிலை மாறிற்று. இன்று பாரிஸில் வாசித்தவர் அடுத்த வாரம் நியூயார்க்கில் வாசிக்கலாம் என்றாயிற்று. கேட்போர் தொகை பெருகியது, புகழ் பெருகியது, அதனோடு ஆபத்தும் கூடவே வந்தது.

அந்த ஆபத்தை உலகம் முதலில் பெரிய அளவில் உணர்ந்தது 1935-ஆம் ஆண்டில் என்று சொல்லலாம். ‘டாங்கோ’ என்னும் இசைவகையைத் தம் குரலால் உலகறியச் செய்த அர்ஜென்டினப் பாடகர் கார்லோஸ் கார்டெல், அவ்வாண்டு ஜூன் 24-ஆம் நாள் கொலம்பியா நாட்டின் மெதெயின் நகர விமான நிலையத்தில் உயிரிழந்தார். அவர் ஏறியிருந்த விமானம் தரையை விட்டு எழும் வேளையில் மற்றொரு விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. அவருடைய பாடல்களுக்குச் சொல் அமைத்த ஆல்ஃபிரடோ லே பேராவும் உடன் மாண்டார். பாடிய குரலும் பாட்டெழுதிய கையும் ஒரே நெருப்பில் அழிந்தன.

ஒன்பது ஆண்டுகள் கழித்து இரண்டாம் உலகப் போரின்போது மற்றோர் இழப்பு. அமெரிக்க வாத்தியக் குழுத் தலைவர் கிளென் மில்லர், வானொலி மூலம் போர்வீரர்களின் மனச்சோர்வைப் போக்கி வந்தவர். 1944 டிசம்பர் 15-ஆம் நாள் இங்கிலாந்திலிருந்து பாரிஸ் நகருக்கு ஒரு சிறு விமானத்தில் புறப்பட்டார். விமானம் கரை சேரவில்லை. அதன் சிதைவும் கிடைக்கவில்லை. தலைவர் இல்லாமலே அவருடைய குழு பாரிஸ் சென்று, வீரர்களுக்காகத் தொடர்ந்து வாசித்தது.

போர் முடிந்தது. உலகம் மீண்டும் இசை கேட்கத் தலைப்பட்டது. விமானப் பயணமும் பன்மடங்காயிற்று. அந்த நல்ல காலத்தில்தான், 1949 முதல் 1956 வரையிலான ஏறத்தாழ ஏழாண்டுகளில், மேனாட்டு இசையுலகம் நான்கு பெருங்கலைஞர்களை விமான விபத்துகளில் பறிகொடுத்தது. இருவர் வயலின் வித்வான்கள். ஒருவர் பியானோ வித்வான். ஒருவர் வாத்தியக் குழுவை நடத்துபவர். அந்நால்வரைப் பற்றியே சற்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலாமவர் ஒரு பெண்மணி. ஜினெட் நெவு என்பது பெயர். 1919-இல் பாரிஸில் பிறந்தார். ஏழாம் வயதிலேயே அந்நகரின் பெரிய அரங்கு ஒன்றில், முழு வாத்தியக் குழுவுடன் வயலின் வாசித்தார். பிற்காலத்தில் கார்ல் பிளெஷ் என்னும் பேராசிரியரிடம் நான்காண்டுகள் பயின்றார். 1935-இல் போலந்து நாட்டின் வார்ஸா நகரில் வீனியாவ்ஸ்கி நினைவாக ஒரு வயலின் போட்டி நடைபெற்றது. அதில் முதற் பரிசு பெற்றவர் பதினைந்தே வயது நிரம்பிய ஜினெட். இரண்டாம் பரிசு பெற்றவர் யார் தெரியுமா? பின்னாளில் உலகின் தலைசிறந்த வயலின் மேதைகளுள் ஒருவராகப் போற்றப்பட்ட சோவியத் கலைஞர் டேவிட் ஆய்ஸ்ட்ராக்! அவருக்கு அப்போது வயது 26. இந்த ஒரு செய்தியே அச்சிறுமியின் ஆற்றலுக்குச் சான்று.

1943-இல், பாரிஸ் நகரம் பகைவர் கையில் இருந்த காலத்தில், பிரெஞ்சு இசையமைப்பாளர் புலாங்க் இயற்றிய வயலின் சொனாட்டாவை, அவரே பியானோ வாசிக்க, ஜினெட் முதன்முதலாக அரங்கேற்றினார். போர் முடிந்ததும் லண்டனில் சிபேலியஸ், பிராம்ஸ் ஆகியோரின் பெரும் வயலின் படைப்புகளை இசைத்தட்டில் பதிவு செய்தார். அவருக்குத் துணையாகப் பியானோ வாசித்தவர் அவருடைய உடன்பிறந்தவரான ழான்-பால். அண்ணனும் தங்கையுமாக நாடு நாடாகச் சென்றார்கள்.

1949 அக்டோபர் 20-ஆம் நாள் பாரிஸில் ஒரு கச்சேரி நடந்தது. அதன்பின் இருவரும் அமெரிக்கா செல்ல விமானம் ஏறினர். குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்டானும் அதே விமானத்தில் இருந்தார். அக்காலத்து விமானங்கள் அட்லாண்டிக் கடலை ஒரே மூச்சில் கடப்பது அரிது. இடையில் போர்ச்சுகலுக்குரிய அஸோர்ஸ் தீவுகளில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொள்வது வழக்கம். அக்டோபர் 28-ஆம் நாள் விடியுமுன், சாந்தா மரியாத் தீவு விமான நிலையம் கண்ணுக்குத் தெரிகிறது என்று விமானி செய்தி அனுப்பினார். உண்மையில் அவர்கள் இருந்தது வேறொரு தீவின்மேல். சற்று நேரத்தில் சான் மிகுவேல் தீவின் மலை ஒன்றில் விமானம் மோதியது. அதிலிருந்த 48 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அண்ணனும் தங்கையும் ஒருங்கே மறைந்தனர். ஜினெட்டுக்கு வயது முப்பது.

நான்காண்டுகள் சென்றன. 1953 செப்டம்பர் முதல் நாள் மற்றொரு பிரெஞ்சு வயலின் மேதை அதே முடிவை எய்தினார். அவர் ழாக் திபோ. ஜினெட் மலரும் பருவத்தில் உதிர்ந்தார் என்றால், திபோ கனிந்த முதுமையில் மறைந்தார் எனலாம். 1880-இல் பொர்தோ நகரில் பிறந்தவர். பாரிஸ் இசைக் கல்லூரியில் முதற் பரிசு பெற்றும், இளமையில் ஒரு காப்பிக் கடையில் வயலின் வாசித்துப் பிழைத்தவர். 1905 முதல் அவரும், பியானோ வித்வான் கோர்தோவும், செல்லோ வித்வான் பாப்லோ கஸால்ஸும் சேர்ந்து மூவர் குழுவாக வாசித்தார்கள். தனித்தனியே மூன்று சிங்கங்கள். கூடி வாசிக்கும்போதோ ஒருவர் மற்றவர்க்கு வழிவிட்டு வாசிப்பார்கள். அவர்கள் 1926-இல் பதிவு செய்த ஷூபர்ட்டின் மூவர் இசை இன்றும் கேட்கக் கிடைக்கிறது. பெரிய வித்வான்கள் கூடி வாசிக்கும்போது அடக்கம் எப்படி அழகாகிறது என்பதை அறிய விரும்புவோர் அதைக் கேட்கவேண்டும்.

பெல்ஜிய மேதை இஸாயி தனி வயலினுக்கு ஆறு சொனாட்டாக்கள் இயற்றி, ஒவ்வொன்றையும் ஒரு வித்வானுக்குக் காணிக்கையாக்கினார். அவற்றுள் இரண்டாவது திபோவுக்கு உரியது. 1943-இல் மார்கரித் லோங் என்னும் பியானோ அம்மையாருடன் சேர்ந்து திபோ இளங்கலைஞர்களுக்கான ஒரு போட்டியைத் தொடங்கினார்.

எழுபத்திரண்டு வயதிலும் அவருக்கு ஓய்வு இல்லை. கீழ்த்திசை நாடுகளில் வாசிப்பதற்காகப் பாரிஸில் விமானம் ஏறினார். அந்த விமானம் நீஸ் நகரில் இறங்கி, பின் சைகோன் நோக்கிச் செல்லவேண்டியது. நீஸை அணுகும் முன்பே, இரவு வேளையில், வழி விலகி ஆல்ப்ஸ் மலைத்தொடரில் பார்சலோனெட் என்னும் ஊருக்கு அருகே ஒரு சிகரத்தில் மோதியது. 42 பேரும் மாண்டனர். திபோவின் கையிலிருந்த வயலினும் சிதைந்தது. 1720-ஆம் ஆண்டில் இத்தாலியச் சிற்பி ஸ்ட்ராடிவாரி தம் கையால் செய்தது அது. எத்தனை போர்களையும் எத்தனை புரட்சிகளையும் கடந்து 233 ஆண்டுகள் நாதம் பொழிந்த மரம் அந்த ஓர் இரவில் சுள்ளியாயிற்று.

அந்தத் துயரச் செய்தி ஆறுவதற்குள், அதே ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் அமெரிக்கப் பியானோ வித்வான் வில்லியம் கப்பெல் மறைந்தார். 1922-இல் நியூயார்க்கில் பிறந்தவர். இறக்கும்போது வயது 31. ஆர்மீனிய இசையமைப்பாளர் கச்சதூரியனின் பியானோப் படைப்பை வாசித்து இளமையிலேயே பெரும் புகழ் பெற்றவர். மின்னல் வேகம் கொண்ட விரல்கள் அவருடையவை என்று மக்கள் கொண்டாடினர். அவரோ அந்தப் புகழோடு நிற்க விரும்பவில்லை. ஆரவாரம் இல்லாத ஆழ்ந்த இசையை நோக்கி நாள்தோறும் பல மணி நேரம் உழைத்துக்கொண்டிருந்தார்.

1953-இல் ஆஸ்திரேலிய வானொலி நிறுவனத்தின் ஏற்பாட்டில் அவர் அந்நாடெங்கும் சுற்றி, பதினான்கு வாரங்களில் முப்பத்தேழு கச்சேரிகள் செய்தார். பத்திரிகை விமரிசகர் சிலர் அவரைக் கடுமையாகக் குறை கூறினர். அது அவர் மனத்தை மிகவும் புண்படுத்தியது. அக்டோபர் 22-ஆம் நாள் ஜீலாங் என்னும் ஊரில் கடைசிக் கச்சேரி. அன்று அவர் வாசித்தவற்றுள் ஒன்று, இறுதி ஊர்வல நடை அமைந்த ஷோபானின் சொனாட்டா. சரியாக ஏழாம் நாள், அவர் தாயகம் திரும்பிய விமானம் ஸான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே மூடுபனி சூழ்ந்த மலை ஒன்றில் மோதியது. அதிலிருந்த 19 பேரும் உயிரிழந்தனர். மனைவியையும் இரு சிறு குழந்தைகளையும் விட்டு அவர் மறைந்தார்.

நான்காமவர் இத்தாலியர், குய்டோ கான்டெல்லி. இவர் வாத்தியக் குழுவை நடத்துபவர். மேனாட்டு இசையில் இந்தப் பணி விந்தையானது. எண்பது, நூறு பேர் வாசிக்கும்போது, ஒரு வாத்தியத்தையும் தொடாமல், கையசைவாலும் கண்ணசைவாலும் அத்தனை பேரையும் ஒரே உள்ளமாக்குபவர் அவர். 1920-இல் நொவாரா நகரில் பிறந்த கான்டெல்லி, போர்க்காலத்தில் பகைவரின் உழைப்பு முகாமில் அடைபட்டு, நோயுற்று, தப்பி வந்தவர். 1948-இல் மிலான் நகரில் அவர் நடத்திய கச்சேரியை, அத்துறையின் பிதாமகர் என்று சொல்லத்தக்க டோஸ்கானினி கேட்டார். கேட்ட மாத்திரத்தில், அமெரிக்க வானொலி நிறுவனம் ஒன்றில் தாம் நடத்திவந்த வாத்தியக் குழுவுக்கு அவரை அழைத்தார். எவரையும் எளிதில் புகழாத முதியவர் அவர். ஆயினும் கான்டெல்லியின் மனைவிக்குக் கடிதம் எழுதி, இத்துணை ஆற்றல் வாய்ந்த இளைஞரைத் தம் நீண்ட வாழ்வில் கண்டதில்லை என்றும், அவர் வெகுதூரம் செல்வார் என்றும் வாழ்த்தினார்.

1956 நவம்பரில் கான்டெல்லி இத்தாலியின் புகழ்மிக்க லா ஸ்காலா இசை அரங்கின் தலைமைப் பொறுப்புக்கு நியமிக்கப்பட்டார். சில நாள்களே சென்றன. நவம்பர் 24-ஆம் நாள், நியூயார்க் செல்லும் வழியில், பாரிஸ் ஓர்லி விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட அவருடைய விமானம், போதிய உயரம் எழாமல் அருகிலிருந்த வீடு ஒன்றில் மோதி வீழ்ந்தது. அவருக்கு வயது 36. டோஸ்கானினிக்கு அப்போது 89 வயது, உடல் தளர்ந்திருந்தார். இந்தச் செய்தியை அவர் தாங்கமாட்டார் என்று வீட்டார் மறைத்துவிட்டனர். இரண்டு மாதம் நிறையுமுன், 1957 ஜனவரி 16-ஆம் நாள், தம் மாணாக்கர் உலகில் இல்லை என்பதை அறியாமலே அம்முதியவரும் கண் மூடினார்.

நண்பர்களே, இவ்வரலாறுகளைக் கேட்கும்போது “விதி” என்ற ஒரு சொல்லைச் சொல்லிப் பெருமூச்செறிவது எளிது. ஆனால் கற்பவர் அதனோடு நிற்கலாகாது. நான் சொன்ன நான்கு விபத்துகளில் மூன்று எப்படி நிகழ்ந்தன என்று சற்று எண்ணிப் பாருங்கள். அஸோர்ஸில் மலை, ஆல்ப்ஸில் மலை, கலிபோர்னியாவில் மலை. வானத்தில் பறந்துகொண்டிருந்த விமானம், தான் இருக்குமிடம் இன்னதென்று சரியாக அறியாமல், இருளிலும் பனியிலும் மலைமேல் சென்று மோதியது. இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கருவிகள் அக்காலத்தில் போதுமானவையாக இல்லை. பின்னர் விஞ்ஞானிகள் இதற்கு வழி கண்டனர். தரையோ மலையோ நெருங்கும்போது விமானிக்குக் குரல் கொடுத்து எச்சரிக்கும் கருவி உருவாயிற்று. 1970-களில் அமெரிக்கா தன் பெரிய பயணி விமானங்களில் அதைக் கட்டாயமாக்கியது. பிற நாடுகளும் பின்பற்றின. இத்தகைய விபத்துகள் அதன்பின் பெரிதும் குறைந்தன. விதியென்று கைகட்டி நின்றிருந்தால் அந்தக் கருவி பிறந்திருக்காது.

இனி, உங்களில் ஒருவர் இப்படிக் கேட்கலாம்: “மேனாட்டு இசை ஏட்டில் எழுதப்பட்ட இசை ஆயிற்றே! சிபேலியஸின் படைப்பு அச்சில் இருக்கிறது. ஜினெட் இல்லாவிட்டால் வேறொருவர் வாசிக்கிறார். இதில் உலகுக்கு என்ன நட்டம்?” நல்ல கேள்வி. ஏட்டில் இருப்பது ஸ்வரங்கள்; இசை அன்று. எந்த ஸ்வரத்தில் சற்று நிற்பது, எந்த இடத்தில் மூச்சடக்குவது, எங்கே நெருப்பாக எழுவது என்பவை எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. அவை வாசிப்பவரின் கையிலும் உள்ளத்திலும் இருக்கின்றன. அந்தக் கை மறைந்தால் அவையும் மறைகின்றன. ஒரே கீர்த்தனையை இருவர் பாடக் கேட்ட நம் நாட்டு ரசிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் முற்றும் அழிந்ததா? இல்லை. ஜினெட்டின் சிபேலியஸ் இசைத்தட்டில் இருக்கிறது. கான்டெல்லி நடத்திய கச்சேரிகள் வானொலிப் பதிவுகளாக இருக்கின்றன. கப்பெல் விஷயத்தில் நடந்ததோ மிக வியப்பானது. ஆஸ்திரேலியாவில் அவர் வாசித்த கச்சேரிகள் சில வானொலியில் ஒலிபரப்பாயின. அவற்றை மெல்பர்ன் நகரில் ஒரு கடையில் வேலை செய்த ரசிகர் ஒருவர், தம் வீட்டில் வைத்திருந்த கருவியைக் கொண்டு தட்டுகளில் பதிவு செய்துகொண்டார். எவரும் அவரை ஏவவில்லை. எவரும் ஊதியம் தரவில்லை. கேட்ட இசை வீணாகக்கூடாது என்ற ஆசை ஒன்றே காரணம். அத்தட்டுகள் ஐம்பது ஆண்டுகள் கிடந்தன. பின்னர், 2004-இல், கப்பெலின் குடும்பத்தாரிடம் வந்து சேர்ந்தன. 2008-இல் உலகத்துக்கு வெளியிடப்பட்டன. பாக், முசோர்க்ஸ்கி, ரக்மானினாஃப், புரோகோஃபியெவ் ஆகியோரின் படைப்புகளை அவர் தம் கடைசிச் சுற்றுப்பயணத்தில் எப்படி வாசித்தார் என்பதை இன்று எவரும் கேட்கலாம். பத்திரிகையில் குறை எழுதியவர்களின் சொற்களைத் தேடிப் படிப்பவர் இன்று சிலரே. பெயரை நாடாமல் அடக்கமாக இருந்து கேட்ட அந்த ரசிகர் காத்த இசையை உலகம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இசையைக் காப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. அது அடுத்த தலைமுறையை வளர்ப்பது. திபோ தொடங்கிய போட்டி அவர் மறைந்த பிறகும் நின்றுவிடவில்லை. அவர் பெயரையும் மார்கரித் லோங் அம்மையார் பெயரையும் தாங்கி இன்றும் நடைபெறுகிறது. கான்டெல்லியின் நினைவாகவும், வாத்தியக் குழுவை நடத்தும் இளைஞர்களுக்காக ஒரு போட்டி ஏற்பட்டது. 1967-இல் அதில் வென்றவர் ரிக்கார்டோ முட்டி என்ற இளைஞர். 1986-இல் அவர் எந்தப் பதவிக்கு வந்தார் என்று எண்ணுகிறீர்கள்? லா ஸ்காலா அரங்கின் தலைமை இசைப் பொறுப்புக்கே வந்தார். கான்டெல்லி சில நாள்களே பெயரளவில் வகித்த பொறுப்பை, அவர் பெயரால் பரிசு பெற்றவர் பத்தொன்பது ஆண்டுகள் வகித்தார். ஓர்லியில் அறுந்த இழை மிலானில் மீண்டும் முடிச்சிடப்பட்டது.

மாணவர்களே, இந்த நால்வரும் தங்கள் கடைசிக் கச்சேரி எது என்று அறிந்து வாசித்தவர்கள் அல்லர். அறியாமலே, ஒவ்வொரு நாளும் தங்களால் இயன்ற முழுமையோடு வாசித்தார்கள். கற்கிறவர்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. உங்கள் ஊரிலும் ஒரு நாதஸ்வரக் கலைஞரோ, ஒரு முதிய பாடகியோ, பழம்பாட்டு அறிந்த பாட்டியோ இருக்கக்கூடும். அவர்கள் இருக்கும்போதே சென்று கேளுங்கள். நன்றாயிருந்தால் நன்று என்று அவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள். இக்காலத்தில் ஒலியைப் பதிவு செய்யும் கருவி உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அந்த மெல்பர்ன் ரசிகர் செய்த தொண்டை நீங்களும் செய்யலாம். பதிவு செய்து, பாடியவர் பெயரையும் நாளையும் ஊரையும் குறித்துப் பத்திரமாக வையுங்கள்.